துருப் புராணம்

இரும்பு மிகவும் கெட்டியான வஸ்து என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 'இரும்பு நெஞ்சம்', 'இரும்புப் பிடி' என்றெல்லாம் பேசுகிறோம். ரசாயன சாஸ்திரம் அறிந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போது இரும்பு பிராணவாயுவோடு கூடிய கல்லாகவே இருக்கிறது. மனிதன் அதை உலையில் இட்டு, கரியும் நெருப்பும் சேர்த்து, பலவந்தமாகப் பிரித்து அழைத்து வருகிறான். அன்று முதல் அந்த இரும்புக்குப் பிறந்தகத்தின் மேலேயே ஞாபகம். கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் காற்றும் கிடைத்தால் போதும். மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது. அந்தப் பிரயாணத்துக்குத்தான் துரு என்று பெயர். தங்கத்துக்கு இந்தக் குணம் இல்லை. அது மண்ணுக்குள்ளேயும் தங்கமாகவே கிடக்கிறது.

அலுமினியத்தையும் காற்று தீண்டத்தான் செய்கிறது. ஆனால் அதன்மேல் படியும் மெல்லிய ஏடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. இரும்பின் துருவோ கவசமாகாது. அது பொருபொருவென்று இருக்கும். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு பங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பூச்சு உப்பி வெடிக்கிறது. செதில் செதிலாக உதிர்கிறது. புதிய இரும்பு காற்றுக்குத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஒரு தரம் ஆரம்பித்துவிட்டால், யாராவது தடுக்கும் வரையில் துரு தானாக நிற்பதில்லை.

இந்த வேதாந்தமெல்லாம் எனக்கு வகுப்பில் பாடம் சொல்லப் பிரயோஜனப்பட்டது உண்மையே. ஆனால் அது குடும்பக் காரியமாக மாறியது ஒரு பழைய மோட்டார் வண்டியால்.

சென்னையில் பிறந்த வண்டி

எழுமலையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1969-ம் வருஷத்தில், தூத்துக்குடியில் உத்தியோகமாயிருந்த என் மாமனார் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. என் மாமியாரை மாதம் ஒரு முறை உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வைத்தியத்துக்கு அழைத்துச் செல்வது இதில்தான். வேறு வண்டியில் ஏறச் சொன்னால் அவருக்கு அன்று உடம்பு சரியாகிவிடும்!

இளைஞர்களுக்கு ஹெரால்டைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959-ம் வருஷத்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சுதந்திரம் வந்த புதிதில் சென்னையில் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961-ம் வருஷம் முதல் அதை இங்கே தயார் செய்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாஸிடரும், பம்பாயில் பியட்டும் உருவானதுபோல, ஹெரால்டு நம்முடைய தமிழ்நாட்டில் உருவாயிற்று. 1970-களின் ஆரம்பத்தில் ஹெரால்டு நின்றது. 1980-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் கார் வேலையே நின்றுபோயிற்று. ஆகவே இன்று ஹெரால்டின் அடிச்சட்டம் பழுதானால், கடைக்குப் போய்ப் புதிது வாங்க முடியாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அல்லது கைவிட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் 'சாஸி' என்று சொல்லும் இந்த அடிச்சட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. கூடும் எலும்பும் ஒன்றே. ஹெரால்டு அப்படியல்ல. நடுவில் இரண்டு உத்திரங்கள்; அவற்றிலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள்; கதவுகளின் கீழே ஓடும் ஓரச் சட்டங்கள். எல்லாம் உள்ளே கூடான இரும்பு. இதன்மேல் இஞ்சினும் சக்கரங்களும் மாட்டப்பட்டு, வண்டியின் கூடு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. கதவு துருப்பிடித்தால் அவலட்சணம்; அவ்வளவுதான். சட்டம் துருப்பிடித்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் உயிர்க் காரியம்.

உப்பின் குணம்

எங்கள் வண்டிக்குச் சீர்வரிசையோடு துருவும் வந்தது. தூத்துக்குடியில் நாற்பது வருஷம் இருந்த வண்டி வேறு எப்படி வரும்? இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவிப்பது நம் தமிழ்நாடு. அதில் பெரும் பங்கு தூத்துக்குடியைச் சேர்ந்தது. 1930-ம் வருஷத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று அள்ளிய உப்பு, அன்னிய ஆட்சியையே அரித்தது. அப்பேர்ப்பட்ட வஸ்துவுக்கு ஒரு மோட்டார் சட்டம் எம்மாத்திரம்!

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. துரு என்பது உண்மையில் ஒரு சின்ன மின்சார வேலை. ஒரே தகட்டில் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. இன்னோரிடத்தில் பிராணவாயு அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே ஈரம் பாலம் போடுகிறது. சுத்த ஜலம் மோசமான பாலம். உப்பு ஜலம் நல்ல பாலம். போதாததற்கு, உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே மழையே இல்லாத நாளிலும் வேலை நடக்கிறது.

இது சில்லறை விஷயமல்ல. 1914-ம் வருஷத்தில் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டி வந்தது. நூற்றுச் சொச்சம் வருஷத்து முதுமையும் கடற்காற்றின் அரிப்புமே அதற்குக் காரணம். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இந்த அரிப்பையெல்லாம் ஆராய்வதற்கென்றே நம் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்தாபனம் இருக்கிறது. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. இரும்பு எங்கே அதிகமாகக் கஷ்டப்படுகிறதோ, அங்கேயே வைத்தியரும் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தட்டிப் பார்த்தல்

எங்களிடம் வந்தபோது வண்டியின் அடிப்பாகம் கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. தூத்துக்குடியை விட்டுப் புறப்படுமுன் ஏதோ ஒரு பட்டறையில் அடி முழுவதும் தார் பூசி அனுப்பியிருந்தார்கள். துருவின் மேலேயே தாரைப் பூசினால் என்ன ஆகும்? துருவுக்குள் இருந்த உப்பும் ஈரமும் வெளியே போக வழியின்றி உள்ளேயே குடித்தனம் செய்யும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் க்ஷேமம்; உள்ளே இரும்பு காகிதமாகிக்கொண்டிருக்கும்.

எனக்குச் சந்தேகம் தட்டியது ஒரு சின்ன விஷயத்தால். டயர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, இடது பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இறக்கியதும் சாத்திற்று. நல்ல சட்டம் இப்படி வளையாது. இதை எல்லோரும் தங்கள் பழைய வண்டியில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

அடுத்த பரீக்ஷை சுத்தியல். சிறிய சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். கெட்ட இடம் 'பொத்' என்று ஊமையாகும். அங்கே பழைய ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் நடு உத்திரங்கள் இரண்டும் கணீரென்றன. இடது ஓரச் சட்டத்தில் முழ நீளத்துக்கும், பின்பக்கத்துக் கை ஒன்றிலும் ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

உள்ளூரில் வெல்டிங் வேலை செய்யும் பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் மல்லாந்து படுத்து வெகு நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணே, காயலான் கடைதானா?" என்றேன்.

"ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? நடு எலும்பு நல்லா இருக்கு. கை காலு போனா மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, போனதை வெட்டி எறியணும். மேலே தகடு ஒட்டி மறைக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

காயலான் கடைக்காரர் எடைக்கு எடை விலை சொல்லிக் காத்துக்கொண்டிருந்தார். என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் வார்த்தையை நம்பி வேலையில் இறங்கினோம்.

எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை

பாரம் தாங்கும் சட்டத்தை வெட்டி ஒட்டுவது வீட்டு வேலை அல்ல. நல்ல கை வேண்டும். வண்டியைச் சமதளத்தில் பல இடங்களில் தாங்கி நிறுத்தி, சட்டம் கோணாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். இவற்றில் சிக்கனம் கூடாது.

ஆனால் சுரண்டுவது, சுத்தம் செய்வது, பூசுவது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. செங்கல் அடுக்கையும் நம்பக் கூடாது. பாரத்தில் அது திடீரென்று நொறுங்கும். இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஒரு தரம் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கு நல்ல முகமூடியும் அவசியம். அந்தக் காலத்துப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகையால் அந்தத் தூசி குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் படியலாகாது.

முதலில் தாரைச் சுரண்டி எடுத்தோம். பிறகு நல்ல தண்ணீரால் பல தரம் கழுவினோம். உப்பு போகாமல் செய்யும் வைத்தியமெல்லாம் வீண். வெயிலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு, உளியால் செதிலைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, கடைசியில் உப்புத்தாள் போட்டோம். 'இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இராது' என்ற பழமொழியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. பளபளப்பான இரும்பு தெரியும் வரையில் தேய்ப்பதே உத்தமம். ஆனால் குழிகளுக்குள்ளும் மூலைகளிலும் பிரஷ் எட்டாத துரு கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதற்குத்தான் மருந்து.

கடுக்காயும் டில்லி ஸ்தம்பமும்

துருவை மாற்றும் மருந்துகள் என்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று பாஸ்பாரிக் திராவகத்தால் ஆனது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. மற்றொன்று துவர்ப்புச் சத்தால் ஆனது. அது துருவோடு சேர்ந்து கருநீலமான கெட்டி ஏடாகிறது.

இரண்டும் நமக்குப் புதியன அல்ல. துவர்ப்புச் சத்து கடுக்காயில் நிறைய இருக்கிறது, ஆவாரம்பட்டையிலும் இருக்கிறது. கடுக்காய் நீரோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர்கள் மை காய்ச்சினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துத் தோட்டத்து மண்வெட்டியில் கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிக் காட்டினேன். செந்துரு கண்ணெதிரே கறுத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். மண்வெட்டிக்கு அது போதும். மனிதர்களைச் சுமக்கும் சட்டத்துக்குக் கஷாயத்தை நம்பாமல் கடை மருந்தையே வாங்கினேன்.

பாஸ்பேட்டின் மகிமைக்கோ டில்லியிலேயே சாட்சி நிற்கிறது. குதுப் மினாருக்கு அருகில் உள்ள இரும்பு ஸ்தம்பம் குப்தர் காலத்தது. ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அழியவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்ரமணியம் அதை ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். பழைய முறையில் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்; அதனால் அதன்மேல் மெல்லிய பாஸ்பேட் ஏடு படிந்து காக்கிறது. டில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. நாம் புட்டியில் வாங்கிப் பூசுவது அதே ஏட்டின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

திராவகத்தைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நீர் கலக்க வேண்டுமானால் நீரில் திராவகத்தை விட வேண்டுமே தவிர, திராவகத்தில் நீரை விடக் கூடாது. புட்டியில் சொன்ன நேரம் கழித்து, மிச்சத்தைத் துடைத்துக் கழுவி, நன்றாக உலர்த்திவிட வேண்டும்.

பூச்சு

உலர்ந்த இரும்பை அப்படியே விட்டால் ஒரே இரவின் பனியில் மறுபடியும் சிவந்துவிடும். அன்றைக்கே பிரைமர் போட வேண்டும். நம் பெயிண்டுக் கடைகளில் எல்லோரும் கேட்பது ரெட் ஆக்ஸைடு. ஜன்னல் கம்பிக்கு அது சரி. அடிச்சட்டத்துக்கு ஸிங்க் பாஸ்பேட் பிரைமரோ, எபாக்ஸி பிரைமரோ மேல். முழுதும் பளபளவென்று வெட்டவெளியாயிருக்கும் இரும்புக்குத் துத்தநாகம் நிறைந்த பிரைமர் இன்னும் நல்லது. உலோகங்களில் தியாகி என்று ஒருவரைச் சொல்லலாமென்றால், அது துத்தநாகந்தான். தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து, பக்கத்திலுள்ள இரும்பைக் காப்பாற்றுகிறது. மருந்து போட்ட இடத்தில் மட்டும் அதனால் பலனில்லை. வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தியாகம் செல்லும். பிரைமரின் மேல் இரண்டு கை பெயிண்டு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

எல்லோரும் மறந்துவிடும் இடம் சட்டத்தின் உட்புறம். கூடான சட்டம் உள்ளேயிருந்துதான் அதிகமாக அரிக்கிறது. பகலில் சூடான காற்று, விடியற்காலையில் உள்ளே வியர்த்து நீராகிறது. அது வடிவதற்காகவே கீழே சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் அவை எல்லாம் தாரால் அடைபட்டிருந்தன. கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே உலர்ந்த பிறகு, நீண்ட குழாய் வைத்த டப்பாவால் மெழுகுத் திரவத்தைப் பீச்சினோம். கழிவு இஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது ரப்பரைக் கெடுக்கும், மண்ணைக் கெடுக்கும், உடம்புக்கும் ஆகாது. எதைப் பூசினாலும் பிரேக்கில் படாமல் மறைத்துக்கொள்வது முக்கியம்.

எழுமலைக்கு ஏற்ற பத்தியம்

எழுமலை வறண்ட பிரதேசம். கடல் வெகு தூரம். ஆகவே துருவைப்பற்றிப் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கரிசல் மண்ணை மறந்துவிடுகிறார்கள். டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் ஒரு தரம் போய் வந்தால், வண்டிக்கடியில் அப்பிக்கொண்டு வரும் கரிசல் பஞ்சுபோல ஈரத்தை வாரக்கணக்கில் வைத்திருக்கும். வானம் வெறித்தும் சட்டத்துக்கு மட்டும் மழைக்காலம் நீடிக்கும். மழை ஓய்ந்ததும் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். கழுவும் தண்ணீரும் நல்ல தண்ணீராயிருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர்க் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. அதில் குளிப்பாட்டினால் தூத்துக்குடியை வீட்டுக்கே வரவழைத்ததாகும்.

மழைக்கு அஞ்சி வண்டியைப் பிளாஸ்டிக் படுதாவால் இறுக மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே புழுங்கும். மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் போதும். மண் தரையைவிடக் கல் பாவிய தரை நல்லது. வருஷத்துக்கு இரு முறை, புரட்டாசிக் கடைசியிலும் தை பிறந்ததும், அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். கல் அடித்துப் பெயர்ந்த பூச்சு ரூபாய்க் காசு அளவில் இருக்கும்போதே சரிசெய்தால், அது தட்டு அளவுக்கு வளராது.

பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் கார்களின் ரிஜிஸ்தரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஹெரால்டும் அதன்படி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் போய் நின்று திரும்பிற்று. என் மாமியார் அன்று கோவிலில் தேங்காய் உடைத்தார்.

சுதேசியம் என்றால் உள்நாட்டுச் சாமானை வாங்குவது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. வாங்கியதைப் பேணுவதும் அதில் சேர்ந்ததுதான் என்பதை நாம் அவ்வளவாகக் கற்றுக்கொள்ளவில்லை. எங்களுக்கு அண்மையில் உள்ள டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில்தான் ஜே. ஸி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப்பற்றி 1945-ம் வருஷத்தில் புத்தகம் எழுதியவர் அவர். மோட்டார் வண்டியை அவர் மெச்சியிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் ஏராளமான கரியும் உழைப்பும் செலவழித்துப் பிரித்தெடுத்த இரும்பை, சோம்பலால் மறுபடி மண்ணாக விடுவதை நிச்சயமாக மெச்சியிருக்கமாட்டார்.

மோட்டார் இல்லாத வீட்டிலும் இரும்பு இருக்கிறது. கிணற்று ராட்டினம், பிள்ளைகளின் சைக்கிள், மாடிக் கைப்பிடி, தையல் மெஷின் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பத்தியந்தான்: உப்பைக் கழுவு, ஈரத்தை உலர்த்து, துருவைச் சுரண்டு, பிறகே பூசு. இந்த வரிசையில் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதை மட்டும் செய்வதுதான் நம் ஊர் வழக்கமாயிருக்கிறது. வருகிற ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நேயர்கள் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு தட்டிப் பார்க்கலாம். கணீரென்ற சப்தம் கேட்டால் சந்தோஷம். 'பொத்' என்றாலும் மோசமில்லை; வேலை செய்ய இன்னும் காலம் இருக்கும்போதே தெரிந்துகொண்டோமே!